குளிர் குறைந்தால் கேஸ்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் வந்துவிட்டால் ஃப்ரீசர் லாரிகளும் டிரெய்லர்களும் வழியில் நிற்பது கூடிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து இறாலும் மீனும் ஏற்றிப் போகிறவை, பால், ஐஸ்கிரீம், தடுப்பூசி கொண்டு போகிறவை என்று எல்லா வண்டிகளிலும் இதே கதைதான். டிஸ்பிளேயில் டிகிரி ஏறத் தொடங்கியதும் டிரைவர் ஓனருக்குப் போன் செய்வார். ஓனர் பக்கத்தில் இருக்கும் ஏ.சி. மெக்கானிக்கைத் தேடச் சொல்வார். வந்தவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திரலாம்" என்பார். இரண்டு கிலோ ஏறும், பணம் கைமாறும், வண்டி கிளம்பும். அடுத்த ஊர் தாண்டுவதற்குள் டிகிரி மறுபடி ஏறும். இந்த ஒரு பழக்கத்தால் கெட்டுப்போகும் சரக்கும் உடைந்துபோகும் கம்ப்ரஸர்களும் கொஞ்சமல்ல. இந்த வண்டிகளின் குளிரூட்டும் யூனிட்டுகளைப் பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால், ஓனர்களும் டிரைவர்களும் இளம் மெக்கானிக்குகளும் படிக்கும்படி சிலவற்றை விரிவாக எழுதுகிறோம்.

கேஸ் என்பது டீசலைப் போல எரிந்து தீருவதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது பஞ்சரான டயருக்குக் காற்று மட்டும் அடித்து அனுப்புவதுதான். அதைவிட முக்கியமாக, குளிர் குறைந்த வண்டிகளில் பலவற்றில் கேஸ் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. கோளாறு சரக்கு ஏற்றும் பாக்ஸுக்குள் இருக்கும், காற்றைக் குளிரவைக்கும் காயிலில் இருக்கும், பெல்ட்டில் இருக்கும்.

ஆகவே கேஜை எடுப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து பாருங்கள். யூனிட் முன்சுவரில் மேலே இருக்கிறது. குளிர்காற்று கூரையை ஒட்டிப் பின்கதவு வரை ஓடி, கீழே இறங்கி, தரையில் உள்ள பள்ளங்கள் வழியாக லோடுக்கு அடியில் திரும்பி, முன்சுவர் ஓரமாக மேலேறி யூனிட்டுக்குள் போக வேண்டும். லோடு கூரை வரை அடுக்கப்பட்டிருந்தாலோ, மேலே கட்டிய கேன்வாஸ் குழாய் கிழிந்து தொங்கினாலோ, தரைப் பள்ளங்களை அட்டையும் தெர்மாகோலும் அடைத்திருந்தாலோ அந்தக் காற்று பின்பக்கம் போகாது. முன்னாலேயே சுற்றித் திரும்பிவிடும். அப்போது திரும்பும் காற்றின் சென்சார் -18 காட்டும். வேலை முடிந்தது என்று நினைத்து யூனிட் ஓய்வெடுக்கும். கதவோரப் பெட்டியில் தெர்மாமீட்டர் குத்தினால் -9 இருக்கும். சரக்கை இறக்கும் இடத்தில் முதலில் குத்திப் பார்ப்பது அந்தக் கதவோரப் பெட்டியைத்தான். இதற்கு எந்தக் கேஸும் மருந்தாகாது. பாக்ஸின் உள்சுவரில் லோடு உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு பெட்டிகூட வைக்கக்கூடாது.

கதவு ரப்பரையும் அப்போதே பாருங்கள். ஒரு தாளை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று பொருள். கடலோரச் சாலையில் ஓடும் வண்டியில் அந்தக் காற்றோடு வரும் ஈரமெல்லாம் கூலிங் காயிலில்தான் பனியாக உட்காரும்.

லோடு ஏற்றும்போதே நடக்கும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். லாரி யூனிட் இருக்கும் குளிரைக் காக்கச் செய்யப்பட்டது, சூடான சரக்கைக் குளிர்விக்க அல்ல. 5,000 லிட்டர் பாக்கெட் பாலை 10 டிகிரியில் ஏற்றிவிட்டு வழியில் 4 டிகிரிக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 6 டிகிரியை இறக்க ஏறத்தாழ 32 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். 5 கிலோவாட் குளிர்த்திறன் உள்ள யூனிட் வேறு வேலை எதுவும் செய்யாமல், கதவும் திறக்காமல் ஓடினாலும் 6 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மே மாத வெயிலில் கூரையும் சுவரும் சூடு தள்ளிக்கொண்டே இருக்க, அது நடக்கவே நடக்காது. சரக்கு தேவையான டிகிரியில் இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். பாக்ஸையும் முன்கூட்டியே குளிரவைத்திருக்க வேண்டும். ஏற்றுமுன் சரக்கின் நடுவில் தெர்மாமீட்டர் குத்தி அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குவது டிரைவரின் உரிமை. அந்தச் சீட்டு இல்லாததால்தான் குளிர்பதனக் கிடங்கின் தவறுக்கு டிரைவரின் பேட்டாவில் பிடித்தம் நடக்கிறது.

செட் பாயின்ட்டையும், அதாவது யூனிட்டில் குறித்துவைக்கும் டிகிரியையும், ஒருமுறை பாருங்கள். உறைந்த மீனுக்கு -18, ஐஸ்கிரீமுக்கு -20 அல்லது அதற்கும் கீழே, வாழைப்பழத்துக்கு 13 முதல் 14, பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8. குளிர் கூடினால் நல்லதுதானே என்று இன்னும் இறக்கிவைப்பது ஆபத்து. வாழை 13-க்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தாலே வீண். வாழை, தடுப்பூசி போன்ற சரக்குகளுக்கு யூனிட்டைத் தானாக நின்று நின்று ஓடும் முறையில் விடாமல் தொடர்ந்து ஓடும் முறையில் வைக்க வேண்டும்.

அடுத்தது சென்சார். டிஸ்பிளே சொல்வதை அப்படியே நம்பி யூனிட்டைப் பிரித்தவர்கள் உண்டு. சோதிக்கச் செலவே இல்லை. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிறையும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு சேரக்கூடாது. மீன் இறக்குமிடத்து ஐஸை எடுத்தால் முதலில் கழுவிக்கொள்ளுங்கள். சென்சார் முனையை ஐஸுக்கு நடுவில், டம்ளரின் அடியைத் தொடாமல் வைத்துப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டிருங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் போனால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மீன் வண்டிகளில் உப்புநீர் அந்தப் பின்களைத்தான் முதலில் தின்னும். கனெக்டரைச் சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள்.

பனி கட்டுவது தனிக் கோளாறு. கூலிங் காயில் முழுக்க ஐஸ் பிடித்திருந்தால் காற்று ஊடுருவாது. காற்று போகாததால் கீழ் அழுத்தம் (கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்துக் கேஸ் அழுத்தம்) இறங்கும். கேஜ் மட்டும் பார்ப்பவர் அதைக் கேஸ் குறைவு என்றுதான் சொல்வார். பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தி என்ன நடக்கிறது என்று அருகில் நின்று கவனியுங்கள். சூடான கேஸ் காயிலுக்குத் திரும்ப வேண்டும், காற்றுவழித் தட்டு மூட வேண்டும் அல்லது உள்ஃபேன் நிற்க வேண்டும், சில நிமிடத்தில் கீழே உள்ள வடிகுழாயிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். அரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும். முக்கால் மணி தாண்டினால் டீஃப்ராஸ்ட் முடிந்ததைச் சொல்லும் சென்சார், சூடு கேஸ் வால்வ், தட்டு ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். தட்டு பாதியில் சிக்கிக்கொண்டால் டீஃப்ராஸ்ட் சூடு நேரே சரக்குமேல் வீசும்.

தண்ணீர் சொட்டவில்லை என்றால் வடிகுழாயின் நுனியில் உள்ள ரப்பர் வாயைப் பிதுக்கிப் பாருங்கள். மீன் செதில், பெட்டியிலிருந்து உரிந்த டேப், லேபிள் எல்லாம் குழைந்து ஓர் அடைப்பாக உட்கார்ந்திருக்கும். மேலே உருகிய நீர் வெளியேற வழியின்றித் தட்டிலேயே மறுபடி உறைந்து, கடைசியில் ஃபேன் இறக்கையை இடிக்கும். அந்தக் "கடகட" சத்தத்தைக் கேட்டு பேரிங் போய்விட்டது என்று ஃபேன் ஷாஃப்டைக் கழற்றுவார்கள். ஒரு வாளி வெந்நீர் ஊற்றினால் தீர்ந்திருக்கும் வேலை. ஐஸைக் கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ மட்டும் குத்தாதீர்கள். அலுமினியத் தகடுகளுக்கு அடியில்தான் மெல்லிய குழாய் ஓடுகிறது.

வெளியே, உள்ளிருந்து எடுத்த சூட்டைக் காற்றில் விடும் கண்டென்ஸர். நம் சாலைகளின் புழுதி, வைக்கோல் தூசி, மில் பகுதிகளில் பறக்கும் பஞ்சு எல்லாம் அதன்மேல் கம்பளிபோல் படியும். படிந்தால் மேல் அழுத்தம் (கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் பக்கத்துக் கேஸ் அழுத்தம்) ஏறும். ஏறிக்கொண்டே போய் 450 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) தாண்டினால் பாதுகாப்பு ஸ்விட்ச் யூனிட்டை நிறுத்திவிடும். மதியம் நின்றுபோய் இரவில் நன்றாக ஓடும் யூனிட் என்றால் முதலில் கண்டென்ஸரைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, காற்று வரும் திசைக்கு எதிராக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, அழுக்கு இருந்ததைவிட மோசமாகிவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். ஃபேன் பெல்ட் பளபளவென்று மின்னினால் அது வழுக்குகிறது என்று பொருள். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், தேவையான வேகம் இருக்காது.

இதையெல்லாம் பார்த்தபிறகுதான் கேஜ். ஆர் 404ஏ கேஸ் உள்ள யூனிட்டில், வெளியே 35 டிகிரி இருந்து, பாக்ஸ் -18-ஐ நெருங்கிக்கொண்டிருந்தால் கீழ் அழுத்தம் ஏறத்தாழ 15 முதல் 22 பி.எஸ்.ஐ., மேல் அழுத்தம் 280 முதல் 320 வரை இருக்கலாம். பாக்ஸ் சூடாக இருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தாது. த்ராட்லிங் வால்வ் உள்ள யூனிட்டுகளில் கீழ் அழுத்தத்தை அந்த வால்வே ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாது. அதைக் கேஸ் குறைவு என்று படித்துவிட்டுப் பிறகு ஏற்றி ஏற்றிக் கெடுத்தவர்கள் பலர்.

இரண்டு கேஜையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கீழும் மேலும் இரண்டும் குறைவு, கேஸ் ஓடுவதைப் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழி, கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்ஷன் குழாய் சூடு என்றால் கேஸ் உண்மையாகவே குறைந்திருக்கிறது. கீழ் அழுத்தம் மட்டும் இறங்கி, திரவக் கேஸ் தேங்கும் ரிசீவர் நிறைந்திருந்தால், ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு முனை வெதுவெதுப்பாகவும் மறுமுனை குளிர்ந்து வியர்த்தும் இருந்தால் அடைப்பு அங்கே. முதலில் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் கீழ் அழுத்தம் பூஜ்யத்தை நோக்கி இறங்கி, யூனிட்டை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிர்கிறது என்றால் உள்ளே ஈரம் புகுந்து, காயிலுக்குள் கேஸை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைகிறது. கீழ் அழுத்தம் அதிகமாகி, சக்ஷன் குழாயில் கம்ப்ரஸர் வரை பனி வந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் வெப்பம் உணரும் பல்ப் குழாயை விட்டுக் கழன்றிருக்கலாம். கிளாம்பை இறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும், வால்வையே மாற்ற வேண்டியதில்லை. கீழே அதிகம், மேலே குறைவு என்றால் கம்ப்ரஸருக்குள் திறந்து மூடும் ரீட் வால்வ் தேய்ந்திருக்கும் அல்லது டீஃப்ராஸ்டுக்கான சூடு கேஸ் வால்வ் உள்ளே கசியும். டீஃப்ராஸ்ட் நடக்காத நேரத்தில் அந்தச் சூடு கேஸ் குழாய் வால்வைத் தாண்டியும் கை வைக்க முடியாதபடி சுட்டால் குற்றவாளி வால்வ்தான். கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீர்கள். பிஸ்டன் கம்ப்ரஸரைச் சோதிக்க சக்ஷன் வால்வை மூடிச் சிறிது நேரம் ஓட்டுவோம். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போய், நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். சுருள் வடிவத் தகடுகளால் அழுத்தும் ஸ்க்ரால் கம்ப்ரஸரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இன்னொரு சோதனை இருக்கிறது, நம்மூரில் செய்பவர்கள் குறைவு. யூனிட்டை அணைத்து, நிழலில் சில மணி நேரம் விட்டு, கண்டென்ஸர் வெளிவெப்பத்துக்கு வந்தபின் மேல் அழுத்தத்தைப் படியுங்கள். 35 டிகிரியில் தூய ஆர் 404ஏ சுமார் 220 பி.எஸ்.ஐ. காட்டும். 250 காட்டினால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. 190, 200 என்று நின்றால் யாரோ ஆர் 22 கலந்திருக்கலாம், அந்தக் கேஸ் அதே வெப்பத்தில் 182 அளவில்தான் நிற்கும். ஆனால் இந்த எண் உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்லாது. திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருந்தாலும் அதே 220-தான். ஓடாத வண்டியில் கேஜை மாட்டி "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்பதும் "பாதிதான் இருக்கு" என்பதும் இரண்டும் ஊகம்.

உண்மையிலேயே குறைந்திருந்தால் எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து புழுதியைப் பிடித்துவைத்திருக்கும். கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், அதிர்வைத் தாங்கும் குழாய்கள், கிளாம்ப் விழுந்து தகட்டில் உரசும் செப்புக் குழாய், மூடி போடாத சர்வீஸ் வால்வின் ஊசி ஆகியவைதான் வழக்கமான இடங்கள். கேஜ் கழற்றியதும் அந்தச் சின்ன மூடியை மறக்காமல் போடுங்கள். மேடுபள்ளச் சாலையில் அந்த மூடி இல்லாமல் போனதாலேயே முழு கேஸும் போன வண்டிகள் உண்டு.

ஓட்டையைக் கண்டபின் மீதிக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு சிலிண்டரில் பிடியுங்கள். ஒரு கிலோ ஆர் 404ஏ பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டால் கரி படியாது. அந்தக் கரிதான் பிறகு டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைக்கும். பிறகு ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிச் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்து வெடித்து உயிரைக் குடிக்கும். திறந்த சிஸ்டத்தில் ஃபில்டர் டிரையரைக் கட்டாயம் மாற்றுங்கள். கம்ப்ரஸருக்கான பி.ஓ.ஈ. எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் பம்பு அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வேக்குவம் அளக்கும் அலகு) கீழே கொண்டுவர வேண்டும். பிறகு பம்பை நிறுத்திக் காத்திருங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மீதம் இருக்கிறது, ஏறிக்கொண்டே போனால் ஓட்டை மீதம் இருக்கிறது. வண்டியின் கம்ப்ரஸரையே ஓட்டி வேக்குவம் இழுப்பது அதைக் கொல்லும் வழி. கேஸை யூனிட்டின் பிளேட்டில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்து ஏற்றுங்கள். பெரிய டிரெய்லர் யூனிட்டில் அது பொதுவாக 5, 6 கிலோ. ஆர் 404ஏ மூன்று கேஸ்கள் சேர்ந்த கலவை. ஆகவே சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். ஓடும் கம்ப்ரஸரின் சக்ஷனில் திரவத்தை மொத்தமாகத் திறந்துவிட்டால் வால்வ் உடையும், சிறுகச் சிறுக விட வேண்டும்.

யூனிட்டை ஓட்டும் டீசல் என்ஜின், மின்சாரக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், ஓட்டத்தில் 13.8 முதல் 14.2 இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத யூனிட்டில் ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் எர்த் ஒயரின் நட்டை இறுக்கிப் பாருங்கள். ஓடி ஓடி அணையும் என்ஜினில் டீசல் ஃபில்டரையும் டேங்க் அடியில் நிற்கும் தண்ணீரையும் பாருங்கள். அலாரம் எண்ணை அழிப்பதற்கு முன் எழுதிவையுங்கள். தெர்மோ கிங் கம்பெனி யூனிட்டில் 25 என்றால் ஆல்டர்னேட்டர், 32 என்றால் குளிர்த்திறன் குறைவு. அழித்துவிட்டு வந்தால் நாங்கள் இருட்டில் தேட வேண்டியிருக்கும். நின்ற இடத்தில் டீசலுக்குப் பதில் கரண்டில் ஓட்டும்போது ஃபேன் காற்றை எதிர்த்திசையில் தள்ளினால் மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் எரியும்.

ஓனர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய யூனிட் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் குடிக்கும். அதற்குத் தனியாகக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்காமல், "ராத்திரி குளிர்தானே, அணைச்சு வை" என்று டிரைவரிடம் சொல்லாதீர்கள். உருகி மறுபடி உறைந்த இறால் பார்வைக்கு அதே இறால்தான். வெட்டிச் சமைக்கும்போதுதான் அதன் தண்ணீரும் சவசவப்பும் தெரியும். அதைச் சாப்பிடுகிறவர் யாரோ ஒருவரின் குழந்தை.

அரசிடமும் கேட்க இரண்டு விஷயங்கள் உள்ளன. மீன்பிடித் துறைமுகங்களிலும் பெரிய சந்தைகளிலும் லாரிகள் காத்துக்கிடக்கும் இடங்களில் மூன்று ஃபேஸ் பிளக் வசதி வேண்டும். பல பெரிய யூனிட்டுகளில் கரண்டில் ஓடும் மோட்டார் இருக்கிறது, சொருகத்தான் இடமில்லை. அடுத்தது, ஐ.டி.ஐ.களில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு நடக்கிறது. அங்கே ஓடும் நிலையில் உள்ள ஒரு டீசல் யூனிட்டை வைத்து, மாணவர்கள் தராசு, வேக்குவம் கேஜ், மீட்புக் கருவி மூன்றையும் கையில் பிடித்துப் பழகச் செய்ய வேண்டும். பூமியைச் சூடாக்கும் குளிர்பதன கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-ல் ஏற்றிருக்கிறது. 2032 முதல் இத்தகைய கேஸ்களின் அளவைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். இன்று ஐ.டி.ஐ.யில் சேரும் பையன் அப்போது இந்தத் தொழிலில்தான் இருப்பான்.

இப்படிக்கு,
குளிர்பதன லாரி பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
தூத்துக்குடி.